வாஷிங் மெஷின் பக்கத்துத் தொட்டி

மார்ச் 4

இந்த வீட்டுக்கு வந்து மூன்றாவது வாரம். கூடவே கொண்டுவந்த என் இரண்டு கறுப்பு மோலி மீன்களும் இன்னும் வாஷிங் மெஷின் பக்கத்தில், பிளாஸ்டிக் டப்பில்தான் இருக்கின்றன. கூடத்தில் அவருடைய பெரிய தொட்டி. ஏஞ்சல் மீன்கள், எல்லாம் அவர் குஞ்சிலிருந்து வளர்த்தவை. புதுசாக வருகிற எந்த மீனும் கொஞ்ச நாள் தனியாக இருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதற்குள் போகும். அவர் போட்ட சட்டம்.

தப்பான சட்டம் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைப்புள்ளி நோய் ஒரு மீனோடு உள்ளே வந்தால் போதும், தொட்டியே காலி. அதனால் டப்புக்குத் தனி வலை, தனி வாளி. நான் அங்கிருந்து கூடத்துக்கு வந்தால் முதல் கேள்வி: "கைய கழுவினியா?"

நாற்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டு வந்தவளிடம் வீட்டுக்காரர் தவறாமல் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான்.

மார்ச் 9

வாசல் சாவி கேட்டேன். "டூப்ளிகேட் போடணும். பாக்கலாம்" என்றார். போன வாரமும் இதையேதான் சொன்னார்.

அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பாட்டுக்கு ஓட்டலாம், ஆனால் வண்டி எங்கே நிற்கும் என்பது அவர் கையில், இல்லை, காலில். வீட்டிலும் அந்தப் பிரேக்கை மாட்டி வைத்திருக்கிறார்.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து முடித்துவிட்டு வந்து, தினமும் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன், அவருடைய மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை. அவளிடம் சாவி இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாவிடம் சாவியை மறந்துவிட்டேன் என்று சொல்லியாயிற்று. ஒருத்தி எத்தனை தடவைதான் மறப்பாள்?

மார்ச் 10

மீனுக்கும் எனக்கும் ஒரே சட்டம்.

மார்ச் 17

கடையிலிருந்து பூதக்கண்ணாடி கொண்டுவந்து மோலிகளைப் பார்த்தேன். கரிக்கட்டை மாதிரி உடம்பு. உப்புத்தூள் அளவுக்கு ஒரு புள்ளி வந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றும் இல்லை. நன்றாகத் தின்கின்றன, நன்றாகச் சண்டை போடுகின்றன.

மகள் பின்னால் வந்து நின்றாள். பேசவே மாட்டாள் என்பதால் அவர் அவளை வாயாடி என்று கூப்பிடுகிறார். இந்த வீட்டில் நான் சிரித்த ஒரே விஷயம் அது. நான் மீன்களுக்குப் பேர் வைத்திருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"பேர் வெச்சா, செத்தா கஷ்டமா இருக்கும். அதானே?"

பதிமூன்று வயசுக்கு இது கொஞ்சம் அதிகம். பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போது அவரிடம், மோலிகள் சுத்தமாக இருக்கின்றன, உள்ளே விடலாமா என்று கேட்டேன். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமாம். இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதுகளுக்கு ஆயுள் முடிந்துவிடும்.

மார்ச் 22

நாத்தனார் வந்தாள். ஒரு பாலிதீன் பையில், தண்ணீரோடு, நீர்ச்செடி ஒன்று. அவர் வாயெல்லாம் பல்லாக வாங்கிப் பெரிய தொட்டியின் மூடியைத் திறந்தார். செடியையும் கொஞ்ச நாள் தனியாக வைக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது போல.

"செடிக்கு என்ன நோய் வரும்? எங்க அக்கா கொண்டுவந்தது."

அலசக்கூட இல்லை. அப்படியே போட்டார். நாத்தனாரும் கையை விட்டு, வேர்மேல் கல் வைத்து, "இப்பத்தான் தொட்டி நிறைஞ்சிருக்கு" என்றாள். அவளை யாரும் கை கழுவச் சொல்லவில்லை.

மார்ச் 29

ஏஞ்சல்கள் உடம்பைக் கல்லில் உரசுகின்றன. செதில் முழுக்க வெள்ளைப்புள்ளி. அவர் விளக்கை அணைத்துப் போட்டுப் பார்த்தார், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"டப்புல கைய வெச்சுட்டு இதத் தொட்டியா?"

இல்லை என்றேன். என் மீன்களுக்கு ஒன்றும் இல்லை, வந்து பாருங்கள் என்றேன். செடியைச் சொன்னேன். காதிலேயே வாங்கவில்லை.

"உள்ளுக்குள்ள இருக்கும். வெளிய தெரியாது."

மீனைத்தான் சொன்னாரா? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

டப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். நிழலில் வையுங்கள் என்று படிவரை பின்னாலேயே போய்ச் சொன்னேன். தலையாட்டினார்.

மார்ச் 30

ஒன்று செத்துப்போச்சு. தண்ணி சுடுது. கை வெச்சா சுடுது. மதியம் நிழல் நகந்துடுச்சு போலன்னு சொல்றார். நிழல் நகரும்னு கார் ஓட்டக் கத்துக்கொடுக்கிற மனுஷனுக்குத் தெரியாதா? வண்டியை எங்க நிறுத்தணும்னு மட்டும் தெரியும்.

நான் அழலை. வாயாடிதான் அழுதாள். அவளே டப்பைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்து மாடிப்படி மூலையில் வைத்தாள். நான் உட்காருகிற இடம். இப்போது எனக்குத் துணை இருக்கிறது.

ஏப்ரல் 5

உப்பு, ஹீட்டர், நீல மருந்து, எல்லாம் போட்டுப் பார்த்தார். கடைசி ஏஞ்சலும் இன்று காலை மிதந்தது. தொட்டிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போகவில்லை.

பாவமாக இருந்தது. உண்மையாகவே. கூடவே வயிற்றுக்குள் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. இரண்டும் எனக்குத்தான். காபி போட்டுக் கொடுத்தேன். டம்ளரை வாங்கும்போது என் கையைப் பார்த்தார்.

ஏப்ரல் 8

நாத்தனார் போன் செய்தாள். அவர் ஷேவ் செய்துகொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மீனெல்லாம் போய்விட்டது என்று சொன்னார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "அய்யோ, உனக்குமா? எங்க வீட்டுலயும் அப்படித்தான்டா, புள்ளி புள்ளியா வந்து எல்லாம் போச்சு. அன்னிக்கே தொட்டியக் காலி பண்ணிட்டோம். நல்ல செடியாச்சே, வீணாப் போகுதேன்னுதான் உனக்குக் கொண்டாந்தேன்" என்றாள்.

நான் அடுப்படி வாசலில் நின்றிருந்தேன். வாயாடி சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் எங்கள் இருவரையும் பார்த்தார். போனை வைத்தார். மிச்ச தாடையையும் மழித்தார்.

இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை போதும், பெரிதாக ஒன்றும் வேண்டாம். முகத்தைத் துடைத்துவிட்டு, "பாவம், அக்காவுக்கு என்ன தெரியும்?" என்றார்.

அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

அக்காவுக்குத் தெரியாது. சரி. நான் தெரிந்து சொன்னதை யார் கேட்டார்கள்? நான் செய்யாததற்கே என் மீனுக்கு மொட்டைமாடி.

ஏப்ரல் 20

தொட்டியைக் கழுவிக் காயவைத்துப் புதுத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் பாக்கெட்டிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார். புதுச் சாவி, பளபளவென்று இருந்தது.

"தொட்டி வெறிச்சுன்னு இருக்கு. உன் மீனக் கொண்டாந்து விடேன்."

ஆக, எல்லாம் செத்த பிறகுதான் எங்களுக்கு இடம் காலி. சாவியைத் தொடவில்லை. 

"உங்க தொட்டிய இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்."

வாயாடி தட்டைப் பார்த்தபடி சிரித்தாள். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21

கண்ணாடிக் கடை முதலாளியம்மாவிடம் மாடி அறையை வாடகைக்குக் கேட்டேன். ஏன் என்று கேட்கவில்லை. அந்த அம்மாவும் ஒரு காலத்தில் யாரிடமோ கேட்டிருப்பாள்.

மே 11

இந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு கண்ணாடித் தொட்டி. மோலி தனியாகத்தான் இருக்கிறது. துணை வாங்கலாம் என்று நினைக்கிறேன், தள்ளிப்போடுகிறேன்.

இன்று வாயாடி வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது, அவளிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். இன்று கூடவே அவரும் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். அந்தத் தொட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றார். பிறகு உள்ளே வந்து, "இது எப்படியிருக்கு?" என்று குனிந்து, தொட்டிக்குள் விரலை விடப் போனார்.

"கைய கழுவிட்டு வாங்க" என்றேன்.

அவர் விரலை இழுத்துக்கொண்டார். பிறகு மூலைக்குழாய்க்குப் போனார். சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்து, வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். துண்டு எடுத்துக் கொடுத்தது வாயாடிதான்.