மோட்டாரில் கட்டிய சீட்டு

வீட்டுக்காரிக்கு,

ஆறு வருடமாக நீ என்னை ஏமாற்றியிருக்கிறாய்.

ஆறு வருடமாகக் கேட்காத காதுக்கு மெஷின் போட்டுப் பத்து நாளாகிறது. கரண்டி விழுந்தால் இடி இடிக்கிறது. நான் செருப்பைத் தேய்த்து நடப்பது எனக்கே பொறுக்கவில்லை. "காதுதான் வந்துடுச்சே, இனிமே கடையில எனக்கென்ன வேலை?" என்று நீ மகள் வீட்டுக்குக் கிளம்பியபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

நேற்று சலவைக்கடைக்காரர் நம் கடைக்கு ரிப்பேருக்கு மோட்டார் கொண்டுவந்தார். காது மெஷினில் எல்லாச் சத்தமும் ஒன்றுபோலவே கேட்டது. இருந்தாலும் விடாமல், சத்தம் பின்னாலிருந்துதான் என்று ஊகித்துப் பின்பக்கப் பேரிங்கைக் கழற்றினேன். அது புதிதுபோல் இருந்தது. கெட்டுப்போனது முன்பக்கம்.

"எப்பவும் எந்தப் பக்கம் சத்தம்னு சீட்டுல எழுதிக் குடுப்பீங்களே, இப்ப ஏன் குடுக்கல?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"நானா? மோட்டாருக்கு முன்ன எது, பின்ன எதுன்னே எனக்குத் தெரியாதுண்ணே! அக்காதான் ஓடவிட்டுக் கேட்டு எழுதிக் கட்டுவாங்க. நாங்க சொன்னதா இருக்கட்டும்பாங்க."

யாரிடமும் கைகட்டி நிற்காமல் நானே கற்ற தொழில் இது. நீ அதைச் சமையலறையில் இருந்தபடியே கற்றிருக்கிறாய். ஒரு சீட்டும் தப்பியதில்லை. காது நன்றாக இருந்த காலத்தில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

ஆகவே திங்கட்கிழமை மருமகன் உன்னைப் பஸ் ஏற்றிவிட வேண்டும். இனி சத்தம் பார்ப்பது நீ, அதுவும் எல்லார் முன்னாலும். பிரித்து மாட்டுவது நான். டீ போடுவதும் நானே. கடைப் பலகையில் உன் பெயரை மேலே எழுத பெயின்டர் வர வேண்டும், சொல்லிவிட்டேன். மகள் இந்தக் கடிதத்தைப் படிக்கக் கூடாது. பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். நீ கத்தக் கூடாது, மெதுவாகக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உன் கடை மெக்கானிக்