ரோதைமுனிக்கு விட்ட சேவல்

முருகன் துணை

கீழ்ப்பிரிவு லயம்,
நோர்வூட் வழி.
16.6.1964, செவ்வாய்

அன்பு மகன் அழகனுக்கு அப்பா மாயாண்டி எழுதுவது. தேயிலை ஸ்டோரில் சக்கரம் காக்கிற ரோதைமுனி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் பேராதனையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே மழை இறங்கிவிட்டது, அம்மாவுக்கு அட்டை கடித்த புண் ஆறிவிட்டது, அது ஆறும்வரை காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகாதே என்றால் கேட்கிற ஆளா அவள். நீ அனுப்பிய கம்பளியை நான் போர்த்துவதாக அவள் சொல்வாள், நம்பாதே, அவள்தான் போர்த்துகிறாள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நம் லயத்து வரிசை வீடுகளின் கோழிகளுக்கு இந்த வருடமும் அந்தச் சளி நோய் வந்து, முகம் வீங்கிக் கண் மூடி மூக்கில் நாற்றச் சளி ஒழுகி, பக்கத்துக் காம்பரா வீரம்மாவின் பதினொரு கோழியில் எட்டு செத்ததை முன்பே எழுதினேன். புருஷன் இல்லாதவள், முட்டை விற்றுத்தான் மகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். கந்தப்பன் நோர்வூட்டில் இரண்டு பெட்டை வாங்கிவந்த பத்தாம் நாள் நோய் தொடங்கியதால் பழி முழுக்க அவன் தலையில் விழுந்தது. அவன் பெண்சாதி பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகி நிற்கிறார்கள். அவனோ அந்தப் பெட்டைகளைக் கூட்டை விட்டு வெளியே விடவே இல்லை, ஒரு தும்மல்கூட இல்லை பாருங்க என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான், போய்ப் பார்க்க ஆள் இல்லை. ஹட்டன் கோழி டாக்டர் நோய்க் கோழிகளின் மூக்குச் சளியைப் பஞ்சில் தொட்டு எடுத்துப்போனது நீ கண்ணாடிக் குழாய் கழுவுகிற ஆராய்ச்சிக் கூடத்துக்கே வரும் என்பதால், அழகன் எழுதினால் தெரிந்துவிடும் என்று லயமே காத்திருந்தது.

கடிதத்தைக் கேட்க அத்தனை பேரும் நம் வாசல் இஸ்தோப்பில் கூடிவிட்டார்கள். எனக்குப் புரியும்படிதான் எழுதியிருந்தாய். இந்தச் சளி நோயில் பல வகை உண்டு, கோழியின் முகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல இருக்கும், குழாயில் வளர்த்துப் பார்த்தால்தான் பிரியும், நோர்வூட் பக்கம் பரவியிருப்பது வேறு வகை, நம் லயத்தில் இப்போது வந்திருப்பது போன வருடம் இங்கே வந்த அதே வகை, கந்தப்பன் மாமா மேல் தப்பில்லை. அதற்குக் கீழே, போன வருடம் நோய் கண்டு பிழைத்த கோழி ஒன்றை யாரோ கொல்லாமல் வைத்திருக்கிறார்கள், பார்வைக்கு நன்றாக இருக்கும், நோய் அதன் மூக்கிலேயே குடியிருக்கும், யாரென்று விசாரியுங்கள் அப்பா என்று எழுதியிருந்தாய். விசாரிக்க எங்கே போவது மகனே, வாசித்துக்கொண்டிருந்தவனேதான் அந்த ஆள்.

உன் வலது கை ஸ்டோரில் ரோதைச் சக்கரத்தில் சிக்கி, தோல் மட்டும் போய் எலும்பு தப்பியபோது ரோதைமுனிக்கு அம்மா நேர்ந்த சேவல்தான் அந்தக் கோழி. கை தப்பியவன் அந்தக் கையாலேயே பிடித்துக் கொடுத்தால்தான் வெட்டலாம், வேறு யாரும் தொட்டு அறுக்கக்கூடாது. நீ லீவு இல்லை என்றாய், இரண்டு ஆடிப் பூசை போய்விட்டது. போன வருடம் அதற்கும் முகம் வீங்கிப் பிழைத்தது. பிழைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் கொல்லச் சொன்னார் டாக்டர், நம் ஐந்து பெட்டையையும் நானே பிடித்துக் கொடுத்தேன். சாமி கோழி மட்டும் கணக்கில் சேராது, அதற்கு நோய் ஒட்டாது என்று லயமே சொல்லியது. கந்தப்பன்தான் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து அதை மூடி, மேலே உட்கார்ந்துகொண்டு, இவ்வளவுதான் மாத்தயா என்று டாக்டரிடம் சிங்களத்தில் சொன்னான். அன்றைக்கு எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அதனால் வகை விஷயம் வந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். எழுத்து மங்கலாக இருக்கிறது என்று சொல்லித் தாளை மடித்துவிட்டேன். அழகனுக்கே தெரியவில்லை போல என்று சொல்லிக்கொண்டு கலைந்து போனார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

சனிக்கிழமை கந்தப்பன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தான். அந்தச் சேவலையே இரண்டு கையாலும் தூக்கி, "என் கோழியால இந்த நோய் வந்திருந்தா ரோதைமுனி என் கண்ணைப் புடுங்கட்டும்" என்று சத்தியம் பண்ணினான். வீரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் என்னைப் பார்த்து, "அண்ணே, சாமிக்குத் தெரியும்ல?" என்றான். தெரியும்டா என்றேன். வெட்கங்கெட்டவன் நான். சேவல் செருமியது, அவன் பிரியமாக அதன் மூக்கைத் தன் துண்டால் துடைத்துவிட்டு, அதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே தன் கூட்டுக்குப் போனான்.

இன்று காலை அவன் பெட்டை இரண்டும் முகம் வீங்கி நிற்கின்றன. பார்த்தீர்களா, இவன் கோழிதான் என்று லயம் முழுக்கப் பேச்சு. அவன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கிறான், வேலைக்கும் போகவில்லை.

சேவலை அறுக்க இரண்டு தரம் கத்தியை எடுத்தேன். அம்மா குறுக்கே விழுந்து, பிள்ளை கை போயிடும் என்று அழுகிறாள். எனக்கும் பயம்தான், சும்மா ஏன் வீரம் பேச வேண்டும். சேவலை உள்ளே கூடைக்குள் மூடி வைத்திருக்கிறேன், விடிந்தால் கூவுகிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, குழாய் கழுவிய பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. ஆடிப் பூசைக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, உங்கள் பெரியவர் காலில் விழுந்தாவது லீவு கேள். நோய் நொடி அண்டாமல் உன் கையும் காலும் நன்றாக இருக்க முனியை வேண்டிக்கொள்கிறோம். மறந்துவிடாதே, வகை விஷயம் எழுதிய உன் கடிதத்தின் இரண்டாம் தாளை இதோடு வைத்திருக்கிறேன், இங்கே இருந்தால் அடுப்பில் போட்டுவிடுவேன். வரும்போது கொண்டுவந்து இஸ்தோப்பில் நின்று நீயே வாசி.

உன் அப்பா,
மாயாண்டி

அம்மா நாகலெட்சுமியின் ஆசியும்.