வெளியே போகச் சொன்னால் வாசலில் நில்

செருப்புக் காலோடு இன்ஜினியரிங் படிக்கப் போன என் ரவி அண்ணா,

கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "கைகொடுக்கும் திட்டத்தால் நான் அடைந்த பயன்" என்று தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள். இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தேன், நன்றி நன்றி என்று எழுத எழுதப் பேனாவைத் தூக்கி எறியத் தோன்றியது. அதனால் உனக்கு எழுதுகிறேன். அச்சில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

நீ போய் நாலு வருடம் ஆகப்போகிறது. நான் இப்போது கடைசி வருடம். நீ ஒரு வருடம்கூட முடிக்காமல் வந்த அதே கல்லூரி, நீ எடுத்த அதே எலக்ட்ரிக்கல். சொன்னால் சிரிப்பாய்.

பந்தலூரில் ஒன்றும் மாறவில்லை. தேயிலை ஃபாக்டரி பூட்டியது பூட்டியபடியே கிடக்கிறது. கொழுந்து விலை விழுந்தது இன்னும் எழுந்திருக்கவில்லை. கவாத்து வெட்டாமல் விட்ட தேயிலைச் செடி ஆள் உயரத்துக்கு மரமாக நிற்கிறது. எஸ்டேட் லயத்து வரிசையில் பாதி வீடு திருப்பூருக்குப் போய்விட்டது. அப்பா கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறார், நீ போன மாதிரியே, அதே மாதிரி ஜீப்பில். மழை நாளில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டால் அம்மா அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். வளைவில் உன் ஜீப் உருண்டு நீ போன அன்றைக்கும் மழைதானே.

உன் கதை இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஒர்க்‌ஷாப் வகுப்புக்கு ஷூ போட்டு வர வேண்டும். உனக்கு அது தெரியாது, யாரும் சொல்லவில்லை. செருப்போடு போனாய். "கெட் அவுட்" என்றார் சார். நீ வெளியே வந்தாய். வாசலில் நிற்கவில்லை, நேராக ஹாஸ்டலுக்குப் போய் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டி, "வெளிய போகச் சொல்லிட்டாங்கப்பா, வந்துட்டேன்" என்றாய்.

அப்பா உன்னைத் திட்டவில்லை. "போகச் சொன்னா வந்துறணும்டா. அங்கனயே நின்னா மொறைக்கிறான்னு நெனப்பாங்க. கூப்புடுவாங்க, அப்ப போ" என்றார்.

நம் வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள்? காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது பிந்திப் போனால் கங்காணி திருப்பி அனுப்புவார். திரும்பி வந்துவிட வேண்டும். நின்று முறையிட்டால் பிந்தி வந்தவனுக்கு மட்டுமில்லை, வீட்டில் எல்லோருக்கும் அன்றைக்கு வேலை கிடையாது. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா வேலை செய்த காலத்திலிருந்து அப்படித்தான். ஆள் தேவைப்பட்டால் அவர்களே சொல்லி அனுப்புவார்கள், அதுவரை வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

நீயும் இருந்தாய். தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். யார் கூப்பிட்டார்கள்? நீயாக ஒருநாள் போனபோது, வருகை போதாது, பரீட்சை எழுத முடியாது என்றார்கள். திமிர் பிடித்தவன் என்று பேரும் வைத்துவிட்டார்கள். வகுப்பில் ஏற்கெனவே உன் பேர் "சிலோன்". அங்கிருந்து வந்தவர் தாத்தா, நீ சிலோனைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த மாதம்தான் ஃபாக்டரியும் பூட்டினார்கள். அதற்கப்புறம் படிப்பைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்?

நீ போன அடுத்த வருடம் நான் சேர்ந்தேன். அந்த வருடம்தான் இந்தக் கைகொடுக்கும் திட்டத்தையும் ஆரம்பித்தார்கள். எஸ்டேட்டிலிருந்தும் மலைக் கிராமங்களிலிருந்தும் வந்து முதலாண்டிலேயே கழன்றுகொள்கிற பிள்ளைகள் அதிகமாகிவிட்டார்களாம். எத்தனை பேர் கழன்ற பிறகு கண் திறந்தது என்று நான் கேட்கவில்லை. கல்லூரி திறப்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே வரச் சொல்லி கணக்கும் இங்கிலீஷும் நடத்தினார்கள். சாயங்காலம் லேபைத் திறந்துவிட்டு, தொட்டுப் பழகச் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு சீனியர். எனக்கு வந்தது அன்னூர்ப் பக்கத்து அக்கா.

முதல் நாளே அந்த அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "இங்க பாரு கண்ணு, வெளிய போன்னு சொன்னா போயிராத. வாசல்லயே நில்லு. அஞ்சு நிமிசத்துல அவுங்களே உள்ள கூப்புடுவாங்க. இல்லீன்னா வகுப்பு முடிஞ்சதும் போயி சாரிங்க சார்னு சொல்லீரு. அவ்வளவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவுதானா அண்ணா? இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல உனக்கு ஒரு ஆள் இல்லாமலா போனது?

திட்டம் நல்ல திட்டம்தான். பொய் சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் முதல் செமஸ்டர் கணக்கில் நானும் போயிருப்பேன். என்னோடு சேர்ந்த மலைப் பிள்ளைகளில் ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். இவ்வளவு சுலபமாக முடிகிற காரியம், உன் காலத்தில் ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை?

இன்னொன்று கேள். திட்டத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று நினைக்கிறாய்? அதே ஒர்க்‌ஷாப் சார். ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "இந்தப் பிள்ளைகளை நாங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறோம்" என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். நானும் தட்டியிருக்கிறேன்.

இந்த வருடம் எனக்கு ஒரு ஜூனியரைக் கொடுத்தார்கள். தேவாலாவிலிருந்து வந்த சுகன்யா. நம்மைப் போலவே லயத்துப் பிள்ளை. கவுன்சலிங்கில் கடைசியில் இடம் கிடைத்ததால் அந்த ஒரு மாத வகுப்புக்கு அவள் வரவில்லை. வந்து இரண்டே நாள், வாசல் விஷயத்தை நானும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. போன வாரம் அவளுடைய அறைத்தோழி ஓடிவந்து, "அக்கா, சார் வெளிய போகச் சொல்லிட்டாராம், பையை எடுத்துட்டுப் போயிட்டா" என்றாள்.

மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஊருக்குப் போகிற கூடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு. பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"எறங்கு" என்றேன்.

"வெளிய போகச் சொல்லிட்டாங்கக்கா."

"தெரியும். எறங்குடி."

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ஒர்க்‌ஷாப் வாசலில் நிறுத்தி, நானும் பக்கத்தில் நின்றேன். சார் வந்து பார்த்தார். "நீ ஏம்மா நிக்கிற?"

"இவளுக்கு நிக்கத் தெரியாதுங்க சார். அதான் கூட நிக்கிறேன். எங்க பக்கம் போகச் சொன்னா போயிறணும். நின்னாத்தான் திமிரு."

சார் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இது எனக்குத் தெரியாதே. யாராச்சும் முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லாமலே போன ஒருவன் இருந்தான் என்று உன் பெயரைச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார்.

"எந்த பேட்ச்?" என்றார்.

அவருக்கு உன்னை ஞாபகம் இல்லை அண்ணா. பொல்லாத மனிதராக இருந்திருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். சுகன்யாவை உள்ளே போகச் சொன்னார், இனி முதல் நாளே இதை எல்லோருக்கும் தானே சொல்வதாகவும் சொன்னார். சொல்வார். எனக்குத்தான் அவரை மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் பூத்திலிருந்து நம் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன், சந்தோஷப்படுவார் என்று நினைத்து. அவர் கேட்டது இதுதான்: "அப்ப, நம்ம ரவியும் அன்னிக்கு நின்னுருந்தா உள்ள விட்டுருப்பாங்களாம்மா?"

"தெரியலப்பா" என்றேன்.

தெரியும் அண்ணா. உனக்கும் இப்போது தெரியும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது, அந்தத் தைரியத்தில்தான் இதை இங்கே எழுதுகிறேன். சார் வாசிப்பார், வாசிக்கட்டும்.

இந்தப் படிப்பை முடித்து எங்கே வேலைக்குப் போனாலும், கல்லூரி திறக்கும் நாளில் லீவு போட்டுவிட்டு இங்கே வந்து நிற்பேன். நம் மலையிலிருந்து வருகிற ஒரு பிள்ளையும் அந்த பஸ்ஸில் திரும்பி ஏறாமல் பார்த்துக்கொள்வேன். அப்பா திரும்பக் கேட்டால், எத்தனை தடவை கேட்டாலும், தெரியலப்பா என்றுதான் சொல்வேன். இரண்டும் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கச்சி,
செல்வி