தள்ளினால் நழுவும் சக்கரம்

இட்ரிஸ்,

லீக்ஸ் சூப் பானையில் இருக்கிறது. சாப்பிட மேஜையில்தான் இடமில்லை. உன் சண்டை ரோபோவுக்கு எல்லாத் திசையிலும் ஓடும் சக்கரம் வேண்டுமென்று ஒரு வாரமாக மாட்டிக் கழற்றுகிறாய். நேற்று பிளாஸ்டிக் சக்கரம் மாட்டியிருந்த ரோபோவை ஒரு விரலால் தள்ளினேன். மேஜை விளிம்புவரை வழுக்கிப் போனது. அதற்கும், "தள்ளுன பக்கமெல்லாம் போகும், அதான் இதோட அழகு" என்று இளிக்கிறாய்! உன் அம்மா ஒரு மாதம் தங்க வருகிறேன் என்றபோதும், என்னைக் கேட்காமல் சரியென்று சொல்லி அப்படித்தான் வழுக்கிப் போனாய்.

ரப்பர் உருளை வைத்த சக்கரத்தையே மாட்டு. அது கொஞ்சமாவது பிடித்து நிற்கும். எடை வரம்பைத் தாண்டினால் ரோபோவின் மேல்தகட்டில் துளை போட்டுக் குறைத்துக்கொள்.

நெரிஸ்

பி.கு: மாலை ரயிலுக்குப் போய் அம்மாவை அழைத்து வா. மாடி அறையில் அவருக்குப் பிடித்த நீல விரிப்பைப் போட்டுவிட்டேன். என் காலிலும் அதே பிளாஸ்டிக் சக்கரம்தான் போல.