நீங்கள் திருப்பிக் கொண்டுவந்த பால் ஜாயிண்ட்

அக்கா,

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பரும் கிரீஸும் கலந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. உள்ளே பால் ஜாயிண்டுகள். முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்துவைத்திருக்கும் அந்தச் சின்ன இரும்புக் குமிழைக் கையில் எடுத்ததும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. கூடலூரில் நல்ல மழை, கடையில் ஆள் இல்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஓவேலி எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிவரும் வேன் உங்களுடையது. உங்கள் அப்பா அம்மா இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள். கணவர் இறந்த பிறகு அவருடைய வேனை விற்காமல் நீங்களே ஓட்டத் தொடங்கினீர்கள். என் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வந்த டிரைவர்களில் நீங்கள் ஒருவர்தான் பெண்.

அன்றைக்கும் மழைதான். முழங்கால்வரை புடவையில் சேற்றோடு வந்தீர்கள். டிபன் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து என் மேசைமேல் பிரித்தீர்கள். குமிழ் தனியாகவும் அது உட்காரும் கிண்ணம் தனியாகவும் கிடந்தன.

“இது நீங்க குடுத்ததுதானே தம்பி? மாட்டி நாலு மாசம்கூட ஆகல. வளைவுல கழண்டு சக்கரம் மடங்கிருச்சு.”

“புள்ளைங்க?”

“பதினோரு பேரு இருந்தாங்க. மேட்டுப் பக்கமா ஒடிச்சு மண்ணுல முட்டி நிறுத்திட்டேன். ஒரு புள்ளைக்கு உதடு கிழிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் போயிருந்தா…”

 அந்த வளைவின் மறுபக்கம் இருக்கும் பள்ளம் எனக்கும் தெரியும்.

“கம்பெனி சாமானுங்க அக்கா. ரோடு அப்படி, என்ன பண்றதுங்க?” என்றேன்.

“ரோடு அப்படித்தான் இருக்கும். அதுல தாங்குற மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லுங்க. திங்கக்கிழமை என்கூட வண்டியில வாங்க, பார்த்துட்டுப் பேசுவோம்.”

நீங்கள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வந்தேன். ஓடை சாலையைக் கடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி என்னைக் கீழே குனிந்து பார்க்கச் சொன்னீர்கள். எதிர்ப்பக்கச் சக்கரத்தில் இருந்ததும் அதே வகைதான். கல் தெறித்து ரப்பர் மூடி கிழிந்திருந்தது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு. புதிதாகக் கிரீஸ் வைக்கலாம் என்றால் அதற்கு வழியே இல்லை. தயாரிக்கும்போதே அடைத்து அனுப்பியிருந்தார்கள். சமவெளிக்கு அது போதும்.

அதற்கடுத்த வாரம் இருவரும் கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். முதலாளி குமிழைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இத்தனை மண்ணு எப்படிங்க உள்ள போகுது?” என்றார். நீங்கள் ஒரு தாள் வாங்கி, சக்கரம் தண்ணீரில் இறங்கும்போது கல் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று வரைந்து காட்டினீர்கள். அந்தத் தாளை அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அவர் முதலில் செய்து தந்ததில் ஒரு மாதத்தில் ரப்பர் கிழிந்தது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பதிலாகத் தேயிலைக் கொழுந்து மூட்டைகளை ஏற்றி அதை ஓட்டிப் பார்த்தது நீங்கள். இரண்டாவதில் ரப்பர் தடித்தது, கிண்ணத்துக்குள் பிளாஸ்டிக்குக்குப் பதில் உலோகம் வந்தது, கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிளும் வந்தது. அது இரண்டு மழைக்காலம் தாண்டியது. “உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும்” என்று மற்ற டிரைவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது இந்தப் பக்கம் ஜீப்புக்கும் வேனுக்கும் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள்.

எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள், அக்கா. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே, அதே மாதத்தில், வேறு இருவர் அதே பால் ஜாயிண்டைக் கழன்ற நிலையில் கொண்டுவந்து காட்டியிருந்தார்கள். மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அதே சாமான் உங்கள் வேனில் ஓடுவது எனக்குத் தெரியும். உங்கள் நம்பரும் என் போனில் இருந்தது. நான் கூப்பிடவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இதைச் சொல்லத்தான் வந்தேன். ஆக்ஸிஜன் குழாயை விலக்கிக்கொண்டு, “பையன் வேன் ஓட்டுறான், நீங்க ஒருதடவை அடியில பார்த்துடுங்க தம்பி” என்றீர்கள். அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரிங்க அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள், நீங்கள் இல்லையென்று உங்கள் பையனிடமிருந்து செய்தி வந்தது.

போன வாரம், ஸ்டியரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடு எண்டு ஒன்று ஆடுகிறது என்று ஒருவர் கொண்டுவந்தார். மறுநாள் இன்னொருவர் அதேபோல. அன்று மத்தியானம் கடையை இழுத்து மூடிவிட்டு, அதை வாங்கிப்போன ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டேன். கடைசியாகக் கிடைத்தவர் பைக்காராவில் சுற்றுலாச் சவாரியில் இருந்தார்.

“சீசன் நேரத்துல வண்டிய நிறுத்தச் சொல்றீங்களே, விளையாடுறீங்களா?” என்று ஏசினார்.

“இறக்கத்துல எடுக்காதீங்க. அங்கயே நிறுத்துங்க. நானே மாத்துச் சாமானோட வர்றனுங்க.”

போனேன். கூட்டிப்போன மெக்கானிக் சக்கரத்தைப் பிடித்து அசைத்ததும் அது தளர்ந்து ஆடியது. டிரைவர் தானே குனிந்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தார். வண்டியில் வந்திருந்த குடும்பம் ஏரித் தண்ணீர் ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் ஏறி ஊட்டிப் பக்கம் போனார்கள்.