மெட்டி இல்லாத பாதம்

1946 ஐப்பசி, புதன் இரவு. மயிலாப்பூர்.

இன்று டாக்டர் என் வலது பாதத்தின் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கணுக்கால் எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்தார். "இடைவெளி கொஞ்சமும் குறையலை. மூட்டு தேயவே இல்லை. வலியெல்லாம் மனசுலதான்" என்றார்.

கூட வந்திருந்த என் கணவர் இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. டிராமில் வரும்போதே, "கேட்டுண்டியா? இனிமே கால் வலின்னு சொல்லிண்டு உக்காராதே" என்றார்.

வீட்டுக்கு வந்து படத்தை விளக்கில் காட்டிப் பார்த்தேன். ஐந்து விரல்களும் பளிச்சென்று தெரிகின்றன. மெட்டியைத்தான் காணோம்.

படம் எடுத்த அன்று எக்ஸ்ரே எடுக்கிற ஆள், "மெட்டிய கயட்டும்மா" என்றான். இழுத்தேன், வரவில்லை. வீங்கிய விரலில் பதிந்து போயிருக்கிறது. "உடும்மா, படத்துல வெள்ளையா தெரியும், அவ்ளோதான்" என்றான். எங்கே அந்த வெள்ளை?

இவரிடம் கேட்டேன். "கழட்டியிருப்பே, மறந்திருப்பே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். படத்தைத் தனியாகப் போய் வாங்கி வந்தவர் இவர்தான். வேண்டுமென்றே... சே, எக்ஸ்ரே எடுத்த இடத்திலேயே வேறு யார் படத்தோடோ மாறியிருக்கும்.

அப்படியானால் என் கால் இப்போது யார் வீட்டில் இருக்கிறது? தேனாம்பேட்டையிலோ எங்கேயோ நன்றாக நடமாடும் ஒருத்தியிடம், மூட்டு தேய்ந்துவிட்டது, எழுந்திருக்காதே என்று சொல்லியிருப்பார்களோ? அவள் சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள்?

இதை எழுதும்போதும் மெட்டியை இழுத்துப் பார்த்தேன். கல்யாணத்தன்று இவர் கையாலேயே போட்டது. அசையவில்லை.