குளியலறைத் தாழ்ப்பாள்

பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மீண்டும் வந்துவிட்டது. விழாவில் அப்பா, அம்மா, நான், ஒரு பல்லி ஆகியோர் கலந்துகொண்டோம்.

இந்தப் புதன்கிழமை டிஸ்சார்ஜ் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே, வெளியே வந்துவிட்டால் சனிக்கிழமைக் குழு கிழுவெல்லாம் எனக்கு எதுக்குடா என்றும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அப்பா எல்லாத் தாழ்ப்பாள்களையும் கழற்றிவிட்டார். தச்சர் வீட்டிலேயே தாழ்ப்பாளுக்குப் பஞ்சம். நான் உள்ளே இருக்கும்வரை குரல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மற்றவர்கள் குளியலறையில் பாட்டுப் பாடுவார்கள், நான் வாய்ப்பாடு. ஒரு நாள் பதின்மூன்றேழு தெரியாமல் நிறுத்தினேன். உடனே வெளியே அப்பாவின் செருப்புச் சத்தம். தொண்ணூத்தொண்ணுடா என்றார். கணக்குச் சொல்லும்போது குரல் நடுங்கிய ஒரே ஆள் அவர்தான்.

ஆலோசனைக்குப் போகும் இடத்தில் மேடம் போன மாதம் அப்பாவையும் உட்காரவைத்துப் பேசினார். கதவைப் பற்றித்தான் முழு நேரமும். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் வந்தது. அதை மாட்டும்போது அப்பா திருகாணியைக் கீழே போட்டுக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமைக் குழு ஒரு டுடோரியல் மாடியில். டாக்டர் கிடையாது. எல்லோரும் நம்மைப்போல உள்ளே இருந்து வந்தவர்கள். போன வாரம் அங்கே எழுந்து நின்று, இப்போது தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி குளிக்கிறேன் என்று அறிவித்தேன். ஒரே கைதட்டல். கண்டக்டர் மாமா விசிலே அடித்தார். அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் விசிலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்தான் அண்ணா. உங்கள் வீட்டுக் கதவுகள் எல்லாம் நல்லபடியாகத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
பக்கத்துக் கட்டில் வாலு

பி.கு. தாழ்ப்பாளை நான் இன்னும் ஒரு முறைகூடப் போடவில்லை. கை அதன்மேல் போனாலே, என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போன அன்று அப்பா கதவை உடைத்த சத்தம் கேட்கிறது. அவர் கூப்பிடக் கூப்பிட நான் பதில் சொல்லாமல் இருந்ததும் கேட்கிறது. வாய்ப்பாடு பத்தொன்பதுக்கு வந்துவிட்டது. அப்பா இப்போதெல்லாம் வெளியே நிற்பதில்லை என்கிறார். கதவுக்கு அடியில் அவர் செருப்பின் நிழல் தெரிகிறது.

இதைச் சனிக்கிழமை அங்கே சொல்ல வேண்டும். கைதட்டியவர்கள் முகத்தைத் தனியாகப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. என் பக்கத்து நாற்காலியில் பை வைத்து இடம் பிடித்துவைக்கிறேன். நீங்கள் வராவிட்டால் இந்த வாரமும் நான் ராஜாதான்.